மாலை 4 மணி முதல் 6 மணி வரை: மறுவாழ்வு மையத்தில் பொழுதுபோக்கைச் சிகிச்சையாக நடத்துவது எப்படி?

கேள்வி: மைய ஆலோசகர், காரைக்குடி வட்டாரம்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையே ஒரு சிற்றூரில் இயங்கும் குடிபோதை மறுவாழ்வு மையத்தில் நான் ஆலோசகராக இருக்கிறேன். பூட்டிக் கிடந்த பழைய நகரத்தார் வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து மையத்தை நடத்துகிறார்கள். முகப்பில் அலுவலகமும் மருந்து அறையும், வளவை (நடு முற்றத்தை) சுற்றிய அறைகளில் படுக்கைகளும், இரண்டாம் கட்டில் சமையலும் இருக்கின்றன. ஒரு சமயத்தில் 15 பேர் வரை தங்குவார்கள். பெரும்பாலோர் 30 நாள் இருந்துவிட்டு வீடு திரும்புவார்கள். கொத்தனார், ஆத்தங்குடிக் கல் (பூ வேலைத் தரை ஓடு) செய்பவர், கல்யாண வீடுகளுக்குப் போகும் சமையல் மாஸ்டர், லாரி ஓட்டுநர் எனப் பல தொழில்காரர்கள் வருகிறார்கள். பெரும்பாலோருக்குக் குடிதான் சிக்கல். இளைஞர்கள் சிலருக்குக் கஞ்சாவும் சேர்ந்திருக்கிறது.

காலை யோகா, குழு அமர்வு, தனி ஆலோசனை, மருத்துவர் வருகை ஆகிய ஒவ்வொன்றுக்கும் நோக்கம் என்ன, எப்படி அளப்பது என்று எழுதி வைத்திருக்கிறோம். மாலை 4 முதல் 6 வரைக்கு மட்டும் அட்டவணையில் ‘பொழுதுபோக்கு’ என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. ஒரு தொலைக்காட்சி, ஒரு கேரம் பலகை, பின்கட்டில் கைப்பந்துக்கு ஒரு வலை. யார் எதைச் செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி என்று விட்டுவிடுகிறோம். நாளுக்கு 2 மணி நேரம் என்றால் 30 நாளில் 60 மணி நேரம். மதுவைச் சார்ந்துவிட்டவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் சிகிச்சை பெறுகிறார் என்று 2019-இல் வெளியான எய்ம்ஸ் தேசிய ஆய்வு சொல்கிறது. அப்படி எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்த ஒருவருடைய 60 மணி நேரத்தை வீணாக்குகிறோமே என்ற எண்ணம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆத்தங்குடிக் கல் பட்டறையில் 20 ஆண்டு வேலை செய்த ஒருவர் எங்களிடம் சேர்ந்தார். கண்ணாடியின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்துச் சாயக் கலவையைக் கரண்டியால் ஊற்றிப் பூவும் கொடியும் எடுக்கும் கை அவருடையது. சேர்ந்த ஒன்பதாம் நாள் மாலையில் இரண்டு இளைஞர்கள் அவரைக் கேரம் ஆட அழைத்தார்கள். விரலை மடக்கி ஸ்ட்ரைக்கரின் பின்னால் வைத்ததுமே கை நடுங்கத் தொடங்கியது. முதல் முறை ஸ்ட்ரைக்கர் காயைத் தொடாமல் போயிற்று. இரண்டாம் முறை பலகையைத் தாண்டிக் கீழே விழுந்தது. இளைஞர்கள் கெட்ட எண்ணம் இல்லாமல்தான் சிரித்தார்கள். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து, தூணுக்கு அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மறுநாளிலிருந்து 4 மணியானால் தலைவலி என்று படுத்துவிடுகிறார்.

வேறொன்றும் சொல்ல வேண்டும். வீடு திரும்பும் முன் நடக்கும் கடைசி அமர்வில், “வீட்டுக்குப் போன பிறகு மாலை 6 மணிக்கு என்ன செய்வீர்கள்?” என்று எல்லோரிடமும் கேட்கிறேன். வேலையைப் பற்றியும் கடனைப் பற்றியும் நிறையப் பேசுபவர்கள்கூட இந்தக் கேள்விக்கு வாயடைத்துப் போகிறார்கள்.

மேலைநாடுகளில் ‘ரீகிரியேஷனல் தெரபி’ என்ற பெயரில் பொழுதுபோக்குச் செயல்களையே திட்டமிட்ட சிகிச்சையாக நடத்துகிறார்கள் என்றும், அதற்குப் பல உளவியல் கோட்பாடுகளை அடிப்படையாகக் கொள்கிறார்கள் என்றும் படித்திருக்கிறேன். எங்கள் நிர்வாகியோ, விளையாடுவதற்குக் கோட்பாடு எதற்கு என்று கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்பதைவிட, 15 பேருக்கு நாளை மாலை எதை, யாருக்கு, எப்படிக் கொடுப்பது என்பதைக் கோட்பாடு சொல்லுமா என்பதே என் கேள்வி.

பதில் 1: சமூகப்பணித் துறை ஆசிரியர், மதுரை

வணக்கம் அம்மா. உங்கள் நிர்வாகியின் கேள்விக்கு அந்தக் கேரம் பலகையே பதில் சொல்லிவிட்டது. ஒரே பலகை இரண்டு இளைஞர்களுக்கு நல்ல பொழுதாகவும், ஒருவருக்குத் தலைகுனிவாகவும் ஆகியிருக்கிறது. அப்படியானால் கேரம் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குப் பொருளே இல்லை. அந்தச் செயலுக்குள் இருக்கும் எது மருந்தாகிறது, எது காயப்படுத்துகிறது என்று பிரித்துக் காட்டத்தான் கோட்பாடு வேண்டும். அமெரிக்காவில் இது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அதற்கான தேசியச் சான்றளிப்பு மன்றம் 1981 முதல் இயங்குகிறது. அவர்கள் எந்தச் செயலையும் எடுத்தவுடன் கொடுப்பதில்லை. முதலில் ஆளை மதிப்பிடுகிறார்கள், பிறகு திட்டமிட்டு நடத்துகிறார்கள், கடைசியில் பலன் கண்டதா என்று சரிபார்க்கிறார்கள். நம் ஊர்களில் அப்படி ஒரு பதவி இல்லை என்பதால் இந்த வேலை உங்களைப் போன்ற ஆலோசகரின் தோளில்தான் விழும்.

நான் முதலில் கையில் எடுப்பது உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் 1985-இல் நூலாக விரித்துச் சொன்ன சுயநிர்ணயக் கோட்பாட்டை. ஒருவர் ஒரு செயலை வெளியிலிருந்து வரும் தூண்டுதல் இல்லாமல் தானே விரும்பித் தொடர வேண்டுமானால் மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்பது அதன் சாரம். இதை நான் தேர்ந்தெடுத்தேன் என்ற தன்னுரிமை, இதை என்னால் செய்ய முடிகிறது என்ற திறனுணர்வு, இதில் எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உறவுணர்வு ஆகியவையே அவை. குடி நீண்ட காலம் பிடித்துவைத்த ஒருவரிடம் இந்த மூன்றுமே தேய்ந்து போயிருக்கும். உங்கள் கல் பட்டறைக்காரருக்கு அன்று மாலை என்ன ஆயிற்று என்று இந்த மூன்றின் வழியாகப் பாருங்கள். அழைத்ததால் போனாரே தவிர ஆட்டத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. கைத்திறனால் வாழ்ந்தவருடைய கையே எல்லோர் முன்னாலும் அவரைக் கைவிட்டது. சிரிப்பு அவரைக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்து உட்கார வைத்தது. மூன்று தேவையும் ஐந்து நிமிடத்தில் அடிபட்டிருக்கின்றன. தலைவலி என்று அவர் சொல்வதில் வியப்பில்லை.

இதையே திருப்பிப் போட்டால் வழி கிடைக்கும். அவர் சிறு வயதில் என்ன ஆடினார் என்று அவரிடமே கேளுங்கள். கை நடுங்கினாலும் ஆட்டம் கெடாத ஒன்றாக அது இருக்கட்டும். முடிந்தால் மற்றவருக்கு அவர் கற்றுக்கொடுப்பதாக இருக்கட்டும். ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் ‘தன்னால் முடியும்’ என்ற நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்று ஆராய்ந்தபோது, செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடலும் மனமும் இருக்கும் நிலை என நான்கு ஊற்றுகளைச் சொல்லி, முதலாவதே வலுவானது என்றார். நம் மையங்களில் மூன்றாவதை மட்டும், அதாவது சொற்பொழிவை மட்டும், அளவுக்கு மேல் கொடுக்கிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம்.

சமையல் மாஸ்டர்கள் வருவதாகச் சொன்னீர்கள். அவர்களை மையத்துச் சமையலில் ‘பொழுதுபோக்காக’ ஈடுபடுத்தும் வழக்கத்தைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். ஜான் நியூலிங்கர் 1974-இல் எழுதிய ‘ஓய்வின் உளவியல்’ என்ற நூலில், ஒரு செயலை ஓய்வாக்குவது அந்தச் செயலின் பெயரன்று, அதைச் செய்பவர் உணரும் சுதந்திரமே என்றார். 500 பேருக்கு இலை போட்டுப் பழகியவருக்கு அடுப்படி என்பது வேலைத்தலம். பல நேரங்களில் குடி தொடங்கிய இடமும் அதுவே. அவருக்கு மாலையில் வேறு ஏதாவது வேண்டும்.

தொலைக்காட்சியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சவாலும் திறனும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்கும்போதுதான் மனம் ஒன்றில் ஊன்றி நேரம் போவது தெரியாமல் இருக்கும் என்று மிஹாய் சிக்சென்ட்மிஹாய் 1975-இல் விளக்கினார். சவால் மிகுந்தால் பதற்றம், குறைந்தால் சலிப்பு. குடியை விட்டவருக்கு மாலைப் பொழுது நகராமல் நிற்பதே பெரிய துன்பம். தொலைக்காட்சி அந்தச் சலிப்பை மூடிவைக்கிறதே தவிரத் தீர்ப்பதில்லை.

உங்கள் 30 நாளைப் பகுப்பதற்குப் பீட்டர்சன், கன் ஆகிய இருவரும் வகுத்த ‘ஓய்வுத்திறன் மாதிரி’ பொருந்தும். ஓய்வு நேரத்தைத் தானே நன்றாகக் கழிக்கும் திறனை மூன்று கட்டமாக வளர்ப்பது அது. முதலில் சிகிச்சையாளர் கையில் பெரும்பகுதிக் கட்டுப்பாடு. உடலும் கவனமும் திரும்புவதற்கான எளிய செயல்கள். அடுத்து ஓய்வுக் கல்வி. தனக்கு எது பிடிக்கும், அதற்கு எவ்வளவு செலவாகும், எங்கே யாருடன் செய்யலாம் என்று அவரே கண்டறிவது. கடைசியில், அவரே திட்டமிட்டு அவரே பங்கேற்பது. நீங்கள் ஒதுங்கி நிற்பது. உங்கள் 6 மணிக் கேள்விக்கு அவர்கள் வாயடைத்துப் போவதற்குக் காரணம் நடுப்பகுதி உங்கள் மையத்தில் இல்லை என்பதே. 30-ஆம் நாள் கேட்கும் கேள்வியை 12-ஆம் நாளே கேட்டு, மீதி நாள்களில் அதற்கு விடையை ஒத்திகை பார்க்க வேண்டும்.

மையத்துக்கு வெளியே நடக்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. 1973-இல் ஜார்ஜ் ஹன்டும் நேதன் அஸ்ரினும் ஓர் ஆய்வு செய்தார்கள். மருத்துவமனையிலிருந்து திரும்புவோருக்கு வேலை தேடிக் கொடுத்தார்கள், கணவன் மனைவிக்குச் சேர்த்து ஆலோசனை தந்தார்கள். அவற்றோடு, முன்பு மதுக்கூடமாக இருந்த ஓர் இடத்தையே எடுத்து மதுவில்லாத மன்றமாக மாற்றினார்கள். குடித்துவிட்டு வருபவருக்கு உள்ளே இடமில்லை. மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, இந்த ஏற்பாட்டில் இருந்தவர்கள் குடித்த நாள்கள் 14 விழுக்காடு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் குடித்த நாள்கள் 79 விழுக்காடு. ஒரு பக்கத்துக்கு 8 பேர் மட்டுமே கொண்ட மிகச் சிறிய ஆய்வு அது. பலனில் மன்றத்தின் பங்கு எவ்வளவு என்று தனியே பிரிக்கவும் இயலாது. ஆனாலும் அதன் அடிப்படை எண்ணம் எனக்கு மிகவும் பிடிக்கும். குடியிலிருந்து கிடைக்கும் இன்பத்தைவிட, குடிக்காமல் இருப்பதில் கிடைக்கும் இன்பம் கூடுதலாகவும் கைக்கெட்டும் தூரத்திலும் இருக்க வேண்டும். நண்பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணி வரை விற்கும் கடை எல்லோர் ஊரிலும் இருக்கிறது. அதே நேரத்தில் திறந்திருக்கும் வேறொரு வாசல் எத்தனை ஊரில் இருக்கிறது?

பதில் 2: குடியை விட்டு 11 ஆண்டு, தேவகோட்டை

சகோதரிக்கு வணக்கம். ஆசிரியர் ஐயா படிப்பிலிருந்து சொன்னதை நான் பட்டதிலிருந்து சொல்கிறேன். ஓரிடத்தில் அவரோடு மாறுபடவும் செய்கிறேன்.

நான் குடித்துக்கொண்டிருந்த காலத்தில் மூன்று ஆண்டு தொடர்ந்து கார்த்திகை மாதம் சபரிமலைக்கு மாலை போட்டேன். மாலை போட்ட நாளிலிருந்து 48 நாள் ஒரு சொட்டும் தொட்டதில்லை. ஊரில் எல்லோரும் வியப்பார்கள். மாலை போட்டால் இவனால் முடிகிறதே, மற்ற நாளில் ஏன் முடியவில்லை, திமிர்தானே என்பார்கள். நானும் அப்படித்தான் என்னை நொந்துகொண்டேன். மலையிலிருந்து இறங்கி, ஊர் வந்து, மாலையைக் கழற்றிய அன்று இரவே குடித்தேன். மூன்று ஆண்டும் அப்படியே நடந்தது.

பின்னர் சிகிச்சையில் இருந்தபோது என் ஆலோசகர் ஒரு தாளைக் கொடுத்து, அந்த 48 நாளின் மாலைப் பொழுதை மணிவாரியாக எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கே புரிந்தது. விடியலிலும் மாலையிலும் குளியல். 6 மணிக்குக் கோயில் மண்டபத்தில் பஜனை. நான் வராவிட்டால் ஆள் அனுப்பிக் கேட்பார்கள். ஜால்ரா போடுவது என் பொறுப்பு. சிறுவர் முதல் பெரியவர் வரை என்னைச் ‘சாமி’ என்றுதான் அழைப்பார்கள். மற்ற நாளில் அவர்களே என்னை எப்படி அழைத்தார்கள் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. இரவு ஒன்றாக உட்கார்ந்து பலகாரம். மாலையைக் கழற்றிய நாளில் குளியல், பஜனை, ஜால்ரா, பெயர், கூட்டம் எல்லாம் ஒரே வேளையில் போய்விடும். 6 மணி மட்டும் மிச்சமிருக்கும். குன்றக்குடியிலிருந்து பழநிக்குத் தைப்பூசப் பாதயாத்திரை போகும் கூட்டத்திலும் இப்படிப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். நடக்கிற நாளெல்லாம் நிமிர்ந்து நடப்பார்கள், திரும்பி வந்து வேட்டியை மாற்றியதும் தளர்ந்துவிடுவார்கள். விரதத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. விரதத்தில் இருந்த எதை அன்றாட வாழ்வுக்குக் கொண்டு வரலாம் என்று யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லையே என்பதுதான் என் ஆற்றாமை. நான் ஜால்ராவைக் கொண்டு வந்தேன். இன்றும் வெள்ளிதோறும் பஜனையில் அது என் கையில்தான் இருக்கிறது. வாரத்தில் வேறு இரண்டு மாலைகள் ஏ.ஏ. கூட்டத்துக்கு, அதாவது குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டத்துக்கு.

மாறுபடும் இடம் தன்னுரிமை பற்றியது. முதல் வாரத்தில் என்னிடம் விருப்பம் என்ன என்று கேட்டிருந்தால், குடி ஒன்றுதான் என் விருப்பமாக இருந்திருக்கும். அந்த நாள்களில் எனக்கு வேண்டியிருந்தது தேர்வு அன்று, ஓர் ஒழுங்கு. எழுந்திரு, குளி, நட என்று ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. அதற்காக அவர்களுக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

கைப்பந்தில் ஓர் எச்சரிக்கை. எங்கள் பக்கத்தில் போட்டியில் ஜெயித்த அணிக்கு இரவு விருந்து என்றால் அதில் என்ன இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். என்னுடன் சிகிச்சையில் இருந்த ஒரு தம்பி ஐந்து மாதம் குடிக்காமல் இருந்து, பழைய அணியோடு ஒரு டோர்னமென்ட் ஆடப் போய், அன்றே திரும்ப விழுந்தார். ஆட்டம் அவரைக் கெடுக்கவில்லை. ஆட்டம் முடிந்த பின்வந்த ஒரு மணி நேரம்தான் கெடுத்தது. தை 3-ஆம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு நான் குடியை விட்ட முதல் ஆண்டே போனேன். ஏ.ஏ. நண்பர்கள் இருவரை இரு பக்கமும் வைத்துக்கொண்டு, பொட்டலில் மாடு பார்த்து, கூட்டம் கலையத் தொடங்கும் முன்பே பஸ் ஏறினோம். எப்போது திரும்புவது என்பதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தோம்.

சனிக்கிழமையை மறந்துவிடாதீர்கள். கட்டட வேலைக்காரருக்குச் சனிக்கிழமை மாலைதான் சம்பளம். கையில் பணம், உடம்பில் அலுப்பு, மறுநாள் விடுமுறை மூன்றும் ஒன்றாக வரும் நேரம் அது. மையத்திலிருந்து திரும்பியவர்களை வாரத்தில் ஒரு நாள் அழைப்பதாக இருந்தால் அது சனிக்கிழமை 6 மணியாக இருக்கட்டும்.

பதில் 3: மனநலப் பிரிவுச் செவிலியர், புதுக்கோட்டை

விளையாட்டைத் தொடங்கும் முன் உடம்பைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்ல வருகிறேன். குடியை நிறுத்திய 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே சிலருக்குப் பிதற்றலும் மருட்சியும் உண்டாகும், அது உயிருக்கு ஆபத்தான நிலை. மருத்துவர் தெளிவாகச் சொல்லும் வரை யாரையும் ஆடுகளத்தில் இறக்கக் கூடாது. மருத்துவக் கண்காணிப்பே சிகிச்சையாக இருக்கும் நாள்கள் அவை.

பிறகும் கவனம் வேண்டும். வைட்டமின் பி1 குறைவாலும் நரம்புப் பாதிப்பாலும் பாதம் மரத்துப் போனவர்கள் இருப்பார்கள். பார்வைக்கு நலமாகத்தான் இருப்பார்கள், ஆனால் வெறுங்காலில் ஓடினால் முள் குத்தியதுகூடத் தெரியாது. ஈரல் வீங்கியவர், இதயம் தளர்ந்தவர் கைப்பந்தில் குதிக்கலாகாது. முதல் சில வாரங்களில் நினைவும் கவனமும் மந்தமாக இருக்கும் என்பதால் விதி நிறைந்த ஆட்டங்கள் அவர்களைக் குழப்பும். அதை அவர்கள் சோம்பலாகவோ அடமாகவோ காட்டுவார்கள். காசு வைத்து ஆடும் சீட்டாட்டத்தை எந்தப் பெயரிலும் உள்ளே விடாதீர்கள்; ஒரு பழக்கம் போன இடத்தில் மற்றொன்று வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். சித்திரை, வைகாசியில் 4 மணி வெயில் நம் பக்கத்தில் கடுமையானது. வெளி ஆட்டத்தை 5 மணிக்குத் தள்ளி வையுங்கள்.

பதில் 4: பள்ளத்தூரிலிருந்து ஒரு குடும்பத் தலைவி

இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் கணவர் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்து இரண்டு ஆண்டு ஆகிறது. அனுப்பும்போது மையத்தில் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நானும் பார்த்தேன். எங்கே போகிறார், யாரோடு பேசுகிறார், சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று ஓயாமல் பார்த்தேன். அவர் திண்ணையில் உட்கார்ந்தால் நான் நிலைப்படியில் நிற்பேன். ஒரே வீட்டில் ஒரு கைதியும் ஒரு காவலுமாக மூன்று மாதம் கழிந்தது. கடனை அடைக்க விடியலிலிருந்து இருட்டும் வரை அவருக்கு வேலை வைத்தேன். சும்மா இருந்தால் நினைப்பு வந்துவிடும் என்று பயம். ஒரு நாள் இரவு, நாள் முழுக்க உங்களுக்காக உழைக்கிறேன், எனக்கென்று என்ன இருக்கிறது என்று கேட்டு அழுதார். அந்த வாரமே ஒரு முறை குடித்துவிட்டார்.

பிறகு வேறொரு ஆலோசகர் எங்கள் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து, கல்யாணத்துக்கு முன் அவருக்கு என்ன பிடிக்கும் என்று என்னைக் கேட்டார். தூண்டில் போடுவது என்றேன். கண்மாய்க்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் மாலையானால் கண்மாய்க் கரையில்தான் அவருடைய பழைய சேர்க்கை முழுவதும் உட்கார்ந்திருக்கும். அவரே ஒரு வழி சொன்னார்: காலையில் போகிறேன், மகனைக் கூட்டிக்கொண்டு போகிறேன். இப்போது ஞாயிறு காலையில் மண்புழுத் தகரத்தோடு இருவரும் கிளம்பிவிடுவார்கள். பல வாரம் ஒன்றும் மாட்டாது. கிடைத்த வாரத்தில் நான்கைந்து கெண்டைக் குஞ்சுகளை மகன் எனக்கு முன்னால் கொண்டுவந்து கொட்டுவான், அவர் பின்னால் நின்று என் முகத்தைப் பார்ப்பார். இடம் அதே கரைதான். நேரமும் உடன் இருக்கும் ஆளும்தான் வேறு. ஆலோசகர் அம்மா, எங்களைப் போன்ற மனைவிமாரிடமும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

பதில் 5: சமூகப்பணித் துறை ஆசிரியர், மதுரை

தேவகோட்டை அண்ணன் சொன்ன திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். மாற்றம் படிப்படியாக வருகிறது என்று புரோசாஸ்காவும் டிகிளெமென்டேயும் 1983-இல் சொன்னதை நான் முதல் பதிலிலேயே சேர்த்திருக்க வேண்டும். முதல் படியில் நிற்பவரிடம் கடைசிப் படிக்குரிய சுதந்திரத்தைக் கொடுப்பது அவரைத் தனியே விடுவதற்குச் சமம். ஆனாலும் ஒழுங்குக்கு உள்ளேயே சிறிய தேர்வு ஒன்றை வைக்க முடியும். நடப்பது கட்டாயம், ஊருணியைச் சுற்றி நடப்பதா, கோயில் வரை நடப்பதா என்பது அவர் விருப்பம். அவருடைய ஜால்ராவும்கூட ஒருவர் கட்டளையாகத் தொடங்கி அவருடைய உடைமையாக மாறியதுதானே.

பள்ளத்தூர் அம்மா எழுதியதை என் மாணவர்களுக்கு, அவர் யார் என்பது தெரியாதபடி, படித்துக் காட்ட அனுமதி கேட்கிறேன். ஆலன் மார்லட்டும் ஜூடித் கார்டனும் 1985-இல் மறுபடி குடிக்கத் திரும்புவதைத் தடுப்பது பற்றி எழுதியபோது, ஒருவருடைய நாளில் செய்தே ஆக வேண்டியவை நிறைந்து, செய்ய விரும்புபவை ஒன்றுமில்லாமல் போனால், இவ்வளவு உழைத்த எனக்கு இதுகூட இல்லையா என்ற எண்ணம் குடிக்கு வழி திறந்துவிடும் என்றார்கள். அவருடைய கணவர் அந்த இரவில் கேட்டது அதே கேள்வி. ஒரு முறை குடித்ததோடு எல்லாம் முடிந்தது என்று கருதாமல் இருவரும் ஆலோசகரிடம் திரும்பிச் சென்றதையும் கவனியுங்கள். ஒரு சறுக்கலை முழுத் தோல்வியாக எண்ணிக்கொள்வதே பலரைப் பழைய நிலைக்குத் தள்ளிவிடுகிறது என்று அவர்கள் இருவரும் வற்புறுத்தியிருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்: மைய ஆலோசகர், காரைக்குடி வட்டாரம்

எல்லோருக்கும் என் நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். சேர்க்கைப் படிவத்தில் ஒரு பக்கம் கூட்டியிருக்கிறோம்: குடிக்கத் தொடங்கும் முன் மாலை எப்படிப் போயிற்று, யாரோடு போயிற்று, இப்போது ஒரு மாலைக்கு எவ்வளவு செலவழிக்க இயலும். மனைவியோ தாயோ உடன் வந்தால் அவர்களிடம் தனியாகவும் கேட்கிறோம். செவிலியர் அம்மா சொன்னபடி மருத்துவர் கையெழுத்து இல்லாமல் யாரும் பின்கட்டுக்கு ஆடப் போவதில்லை. தொலைக்காட்சி இரவு உணவுக்குப் பிறகுதான். சனிக்கிழமை 6 மணிக்கு, வீடு திரும்பியவர்களுக்காக முகப்புத் திண்ணையைத் திறந்துவைத்தோம். முதல் வாரம் மூன்று பேர் வந்தார்கள், அதில் ஒருவர் சம்பளக் கவரைப் பிரிக்காமலேயே நேராக வந்திருந்தார்.

கல் பட்டறைக்காரரிடம் சிறு வயதில் என்ன ஆடினீர்கள் என்று கேட்டேன். உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் மாலை 4 மணிக்குச் சுண்ணாம்புக்கட்டி ஒன்று கேட்டு வாங்கி, வளவின் தரையில் மண்டியிட்டு ஆடு புலி ஆட்டத்தின் கட்டத்தை வரையத் தொடங்கினார். கோடு நடுங்கித்தான் விழுந்தது. அழித்து அழித்து வரைந்தார். கோடுகள் கூடும் 23 இடங்களும் சரியாக வந்த பிறகே நிமிர்ந்தார். 3 புலிக்குப் புளியங்கொட்டையும் 15 ஆட்டுக்குக் கூழாங்கல்லும் அவரே பொறுக்கி வந்திருந்தார். அந்த இரண்டு இளைஞர்களுக்கும் ஆட்டம் தெரியாது. ஆடுகளை எப்படிச் சேர்த்து நிறுத்தினால் புலி தாண்ட முடியாது என்று அவர் காட்டிக்கொண்டிருக்கிறார். 5 ஆட்டைப் பறிகொடுத்த பிறகும் அவர்கள் எழுந்து போகவில்லை. நேற்று வேறு இருவரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர் வீட்டுக்குப் போக இன்னும் ஆறு நாள் இருக்கிறது. வீட்டு வாசலில் இந்தக் கட்டத்தை எந்த இடத்தில் வரைவது, யாரை ஆட அழைப்பது என்பதைத்தான் இந்த வார அமர்வில் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம்.